எனக்குத் தெரியாத சிவப்பு

"இன்னாங்க இது, பாசி புடிச்ச தண்ணித் தொட்டி மாதிரி கீது?"

என் வாழ்நாள் சாதனையைப் பார்த்து ஜெசிந்தா சொன்ன முதல் வாக்கியம் இதுதான். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், பேனர் அச்சடிக்கும் கடை. காலை பத்து மணி இருக்கும். கடைக்கார பாய் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு, ஒரு துணியை எடுத்து மானிட்டரைத் துடைத்தார். அழுக்கு கண்ணாடியில் இருக்கக்கூடும் என்று அவருக்கு ஒரு நப்பாசை. துடைத்த பிறகு அவரும் "ம்ம்…" என்று இழுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அது சாதாரணப் படமா? ரோஜா நெபுலா! நட்சத்திரங்கள் பிறக்கிற மாபெரும் வாயு மேகம். விரிந்த ரோஜாப்பூ போலவே இருக்கும் என்பதால் அந்தப் பெயர். பொங்கல் லீவில் சங்கரன்கோவில் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், நான்கு நாள் பனியில் நனைந்து எடுத்தது. பிறகு வல்லம் வடகால் வாடகை அறையில் மூன்று வாரம் உட்கார்ந்து கணினியில் மெருகேற்றியது. வெறும் கண்ணால் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே தெரியாது.

"ஏங்க, ரோஜாப்பூங்க இது," என்றேன்.

"ரோஜாவா? எந்த ஊர்ல பச்சையா பூக்குது?"

பச்சை என்றதும் நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். ஏன் என்று சொல்வதற்கு முன், நாங்கள் இருவரும் அந்தக் கடைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரகடத்தில் கார் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில், ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் மாடசாமி என்பது இத்தொடரைப் படித்துவருபவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அந்த வருடம் ஃபேமிலி டே விழாவுக்கு, கேன்டீன் சுவரில் ஊழியர் ஒருவரின் கைவண்ணத்தை ஆறடி அகலத்துக்கு மாட்டுவது என்று ஹெச்.ஆர். மேடம் முடிவு செய்தார். என் படத்தை நான் அவருக்கு அனுப்பியிருந்தது கறுப்பு வெள்ளையில். மயங்கிவிட்டார். "கலர்ல போடுங்க மாடசாமி. கலர் சரியா வருதான்னு பார்க்க பெயின்ட் ஷாப்லேருந்து ஒருத்தரை அனுப்புறேன்," என்றார்.

அந்த ஒருத்தர்தான் ஜெசிந்தா. வல்லம் வடகால் ஊர்ப் பெண். பெயின்ட் ஷாப்பில் கலர் இன்ஸ்பெக்டர். காரின் ஒரு கதவுக்கும் பக்கத்துக் கதவுக்கும் மயிரிழை நிற வித்தியாசம் இருந்தாலும் வண்டியை நிறுத்திவிடுவாள் என்று பெயர். கம்பெனி பஸ்ஸில் பார்த்த முகம் என்பதற்கு மேல் எனக்குப் பழக்கமில்லை. தலையில் எண்ணெய் கிடையாது, முகத்தில் பவுடர் கிடையாது. பக்தியோ துக்கமோ காரணமில்லை. அந்த ஷாப்பில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பெயின்ட்டில் குழி விழும்.

விழா ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் கடையில் நின்றது வியாழக்கிழமை. இரண்டாம் ஷிப்ட்டுக்கு அவள் ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதற்குள் ஃபைலைக் கொடுத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஏறும் என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ரவையும் மூன்று மலைகளும்

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "இந்தப் படங்களில் இருக்கும் நிறமெல்லாம் நிஜமா, இல்லை நீங்களாகப் பூசுவதா?" நியாயமான கேள்வி. செய்முறையைச் சொல்கிறேன். முடிவை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

ஒரே இடத்தை இரண்டு நிமிடம், இரண்டு நிமிடமாக நூற்றுக்கணக்கான தடவை படம் பிடிக்கிறோம். எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். லேப்டாப் அரை நாள் மூச்சு வாங்கிய பிறகு ஒரு படத்தைக் கொடுக்கும். ஆசையாகத் திறந்து பார்த்தால் கன்னங்கரேல் என்று இருக்கும். முதல் தடவை நான் லேப்டாப் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

கெட்டுப்போகவில்லை. எல்லாம் அந்த இருட்டுக்குள்தான் இருக்கிறது. மங்கலான பகுதியை மட்டும் மெல்ல மெல்ல மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் படம் முழுக்க ரவை கொட்டினது போல் புள்ளி புள்ளியாகிவிடும். பொறுமையாக இழுத்தால் முதலில் ஒரு புகை, பிறகு ஓர் ஓரம், பிறகு இதழ்கள். அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை பாடும். ஓ.டி. முடிந்து வந்த அலுப்பெல்லாம் எனக்கு அங்கே பறந்துவிடும்.

அடுத்தது நிறம். கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சில்லில் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொரு பங்கு என்றால், பச்சைக்கு இரண்டு பங்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள். அதனால் அடுக்கிய படம் பெரும்பாலும் பச்சையில் முக்கி எடுத்ததுபோல் வரும். "முதலில் பச்சையை எடுங்கள்" என்பதுதான் இணையத்தில் எல்லாரும் சொல்லும் முதல் பாடம். நானும் உற்று உற்றுப் பார்த்தேன். என் படத்தில் பச்சையே இல்லை. நம்ம கேமரா உசத்தி போலிருக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

மூன்று நிறத்துக்கும் மூன்று கோடு போட்ட ஒரு வரைபடம் உண்டு. மூன்று சிறு மலைகள் மாதிரி நிற்கும். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்தினால் நிறம் சமன். மலைகளை அந்தந்த நிறத்திலேயே வரைந்திருந்தார்கள். நீலம் தெரியும். மற்ற இரண்டும் எனக்கு ஒரே காவி. நான் குத்துமதிப்பாக ஒன்றைப் பிடித்து இறக்குவேன்.

புள்ளிப் புத்தகம்

இப்போது விஷயத்துக்கு வந்துவிட்டேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது.

சின்ன வயதில் மிளகாய் பறிக்கப் போனால் பழத்தோடு காயையும் சேர்த்துப் பறித்துக்கொண்டு வருவேன். "கண்ண எங்கல வச்சிட்டு வந்த?" என்று அம்மா தலையில் குட்டுவாள். கவனமில்லாத பயல் என்றுதான் வீட்டில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். நானும் அதையே நம்பினேன்.

உண்மை தெரிந்தது மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு எடுத்தபோது. மருத்துவப் பரிசோதனை வரிசை. டாக்டர் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்து, "இதுல என்ன நம்பர்?" என்றார்.

"நம்பரா? எங்க சார் இருக்கு?" என்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற முப்பது பேரும் சிரித்தார்கள். நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினார், மறுபடி திருப்பினார், பிறகு என் தாளில் ஏதோ எழுதினார். அன்று சாயங்காலமே பெட்டியோடு பெருங்களத்தூரில் ஊருக்கு பஸ் ஏறினேன். ஊரில் கேட்டவர்களிடம் "சம்பளம் ஒத்துவரல" என்று சொல்லிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒரகடத்தில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. அங்கே புள்ளிப் புத்தகம் காட்டவில்லை. நல்ல பாகத்துக்குப் பச்சை அட்டை, ரிஜெக்ட் ஆன பாகத்துக்குச் சிவப்பு அட்டை. இரண்டிலும் எழுத்து அச்சடித்திருக்கும். நான் படித்துப் பார்த்துத்தான் எடுப்பேன். "மாடசாமி மாதிரி கவனமான ஆளு கிடையாது, ஒவ்வொரு அட்டையையும் படிச்சுப் பாக்குறான்" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். நான் பாராட்டை வாங்கிக்கொண்டு அடுத்த அட்டையைப் படிக்கப் போனேன்.

அறையில் நாங்கள் நாலு பேர். அதில் பிச்சைமணி எனக்குப் பக்கத்து ஊர்க்காரன். ஒவ்வொரு படமும் முடிந்ததும் அவனுக்குத்தான் முதலில் காட்டுவேன். "ஏல, பிரமாதமா இருக்குல்ல!" என்று முதுகில் தட்டுவான். மூன்று பேரும் என் படங்களை செல்போன் முகப்பில் வைத்திருந்தார்கள். கலைஞனுக்கு வேறென்ன வேண்டும்?

மாஸ்டர் பேனல்

திரும்ப பாய் கடைக்கு வருவோம். பாய் தேநீர் சொல்லி அனுப்பியிருந்தார். ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் லேப்டாப்புக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"எத்த வெச்சு மேட்ச் பண்ணீங்க? எங்ககிட்ட ஒவ்வொரு கலருக்கும் மாஸ்டர் பேனல்னு ஒரு மாதிரித் தகடு இருக்கும். அத்த பக்கத்துல வெச்சுகினுதான் பாப்போம்."

"ஆகாசத்துக்கு ஏதுங்க மாஸ்டர் பேனல்?" என்றேன். சொல்லும்போதே எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. "நம்ம சூரியன் மாதிரி நட்சத்திரம் சிலது உண்டு. அது வெள்ளையா வரணும்னு சொல்லுவாங்க."

"அப்ப அதான் பேனல். எங்க கீது, காட்டுங்க."

நட்சத்திர அட்டவணையைப் பார்த்து ஒன்றைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்கினேன்.

"இதுவும் பச்சையாத்தான் கீது. அந்தப் பச்சைக் கோட்ட இறக்குங்க."

இறக்கினேன்.

"அது செவப்புங்க."

"ஆமா, கை தவறிப்போச்சு," என்று சொல்லிவிட்டு மறுபடி இறக்கினேன்.

"ஏங்க, திரும்பவும் செவப்பத்தான் தொடுறீங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து பெயின்ட் ஷாப் ஸ்டிக்கர் தாள் இரண்டை எடுத்தாள். குறை உள்ள இடத்தில் ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்று, சரி பார்த்த இடத்தில் ஒட்டுவது ஒன்று. எழுத்து எதுவும் இல்லாத வெறும் அம்புக்குறிகள். இரண்டையும் மேஜையில் வைத்தாள்.

"இதுல எது செவப்பு?"

படிப்பதற்கு எழுத்தில்லை. அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். முப்பது பேர் சிரிப்பு எனக்குக் காதில் கேட்கக்கூட ஆரம்பித்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. "எங்க லைன்ல வருசா வருசம் அந்தப் புள்ளி புக்கு காட்டுவாங்க," என்றாள். "போன வருசம் ஒரு பையனுக்குத் தெரியல. வேற லைனுக்கு மாத்திட்டாங்க. நல்ல பையன்."

எனக்கு அழுகை வராத குறை. நிறப் படம் எடுக்கிறவன், நிறம் தெரியாதவன்! குருட்டுத்தனமாக மூன்று வருடம் பாசியைக் காட்டிப் பெருமையடித்திருக்கிறேன். லேப்டாப்பை மூடினேன். "ஹெச்.ஆர். மேடம்ட்ட சொல்லிருதேன். வேற ஏதாவது போடட்டும். நான் இனிமே இதத் தொடலைங்க," என்றேன். மனதுக்குள் கேமராவை விற்றே விட்டேன்.

"இன்னா பேசுறீங்க நீங்க? மேடம் எதப் பாத்து ஓகே பண்ணாங்க?"

"கறுப்பு வெள்ளை."

"அத்த தொறங்க."

திறந்தேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். கறுப்பு வெள்ளையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கறுப்பிலிருந்து வெள்ளை வரை உள்ள அத்தனை படியும் எனக்கு அத்துப்படி. இதழ்களின் மேல் ஊர்ந்து போகும் கரிய தூசுக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தேடி வெளியே கொண்டுவந்திருந்தேன்.

"இந்தக் கறுப்புக் கோடு கலர் படத்துல எங்க?"

"அங்கயும் இருக்கு. இந்தா," என்று காட்டினேன்.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள். "அட ஆமா. நீங்க காட்டாங்காட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது." பிறகு நிமிர்ந்தாள். "இருட்டு வெளிச்சம் உங்களுது, நல்லாத்தான் கீது. கலர் மட்டும் தனியா பண்ண முடியுமா?"

முடியும். இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். வெளிச்சத்தை ஒரு படமாகவும் நிறத்தை இன்னொரு படமாகவும் தனித்தனியே பக்குவப்படுத்தி, கடைசியில் ஒன்றன்மேல் ஒன்று போடுவார்கள். எனக்கும் தெரிந்த முறைதான். நிறத்துக்கு இன்னொரு ஆளை உட்காரவைக்கலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அவள் மௌஸைப் பிடித்தாள். நான் எந்தப் பொத்தான் எதற்கு என்று சொன்னேன். திரையின் ஓரத்தில் மூன்று அம்புக்குறிகளை ஒட்டி, பேனாவால் சி, ப, நீ என்று எழுதினாள். மௌஸின் அம்பைப் படத்தின்மேல் கொண்டுபோய் வைத்தால் மூன்று நிறத்துக்கும் எண் காட்டும் என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். "கலரு தெரியலன்னா நம்பரப் பாருங்க. நாங்களும் மீட்டர் வெச்சுத்தான் கடைசியா முடிவு பண்ணுவோம்," என்றாள். சூரியன் மாதிரி நட்சத்திரத்தில் மூன்று எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தபோது, "வெள்ளை!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். எனக்கு வெள்ளை தெரியும்.

பாய் எட்டிப் பார்த்தார். "மாஷா அல்லா, இது ரோஜா," என்றார். அவள் ஒன்றரை மணி பஸ்ஸுக்கு ஓடினாள். தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது.

கேன்டீன்

ஞாயிற்றுக்கிழமை சாம்பார் மணத்துக்கு நடுவே படம் தொங்கியது. வெளிச்சம்: மாடசாமி. நிறம்: ஜெசிந்தா. அப்படித்தான் கீழே எழுத வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். குழந்தைகள் அதன்முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பிச்சைமணி வந்தான். பார்த்தான். "ஏல, இது செவப்பால்லா இருக்கு!" என்று கத்தினான். கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்ப இதுக்கு முந்தி எல்லாம்?"

"பச்சைதாம்ல. நீ ஆசையாக் காட்டும்போது எப்படிச் சொல்ல? அதுவும் போக, எனக்கு என்ன தெரியும்? ஆகாசத்துல அப்பிடித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த சிரிப்பில் அன்று எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். யாரும் என்னைப் பெட்டியோடு அனுப்பவில்லை. சூப்பர்வைசர் மறுநாள் அட்டைகளில் எழுத்தைப் பெரிதாக அச்சடிக்கச் சொன்னார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருடம் பயந்தேன் என்று இருந்தது.

வீட்டுப் படம்

பிறகு எனக்கும் ஜெசிந்தாவுக்கும் கல்யாணம் ஆனது. சர்ச்சா கோவிலா என்று இரண்டு வீட்டிலும் நடந்த கூத்து தனிக் கதை. வல்லக்கோட்டை போகும் வழியில் வாடகை வீடு. லேப்டாப்பில் வெளிச்சம் என்னுடையது, நிறம் அவளுடையது. இதுவரை ஒரு குறையும் இல்லை.

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்தவள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "இத்த பாருங்க," என்று ஒரு சின்ன அச்சுப் படத்தைக் கையில் கொடுத்தாள். அதே ரோஜா நெபுலா. நான் ஷிப்ட்டில் இருந்த நாட்களில் தனியாக உட்கார்ந்து செய்திருக்கிறாள். சிவப்பாக ஒளிர்வதையெல்லாம் மஞ்சளுக்கு மாற்றியிருந்தாள். மிச்சத்தை நீலத்துக்குத் தள்ளியிருந்தாள். மஞ்சளும் நீலமும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பூவின் நடுவில் வேறொரு நிறம் இருந்தது. இதழெல்லாம் மஞ்சள், உள்ளே நீலம். இத்தனை வருடம் நான் பிடித்து, அடுக்கி, இழுத்த பூவுக்கு உள்ளே இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

"நடுவுல வேற கலரா இருக்கு," என்றேன்.

"ஆமா. அது வேற வாயு."

"எல்லாருக்கும் இது தெரியுமா?"

"தெரியும். கேன்டீன்ல கீறதுல லேசாத் தெரியும்."

அவள் உள்ளே போய்க் குக்கரை இறக்கினாள். நான் அந்தப் படத்தைச் சோறு வைக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷமாக இருந்தது.

சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம். மூலையில் அவள் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினாள். இன்ஸ்பெக்டரம்மாவே சரி பார்த்து ஒட்டிவிட்டாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன். போன வாரம் பிச்சைமணி சாப்பிட வந்தான்.

"ஏல, செவப்பு ஸ்டிக்கர்லா ஒட்டியிருக்கு. ரிஜெக்டா?"

இந்தத் தடவை அவன் மறைக்கவில்லை, அதுவே பெரிய முன்னேற்றம். நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"கலர் தப்புதான?" என்றாள் ஜெசிந்தா, கையில் கரண்டியோடு. "பேனலுக்கு மேட்ச் ஆவாத படம் அது. தப்புக்கு செவப்புதான் ஒட்டுவேன்."

"பின்ன எதுக்குங்க மதினி கூடத்துல மாட்டியிருக்கீங்க?"

"கேன்டீன்ல கீறது கம்பெனிக்கு. இது எங்க வூட்டுக்காரருக்கு. அவருக்குத் தெரியுதில்ல?"